அக்காவுக்கு வீடு, எனக்குப் படிப்பு

போன மாதம் கண் டொக்டரிடம் போயிருந்தேன். எண்பத்தாறு வயதுக்காரி கண் டொக்டரிடம் போவதில் என்ன புதினம் என்று நீங்கள் கேட்கலாம். புதினம் ஒன்றுமில்லைதான். இந்த வயதில் முழங்காலுக்கு ஒரு டொக்டர், காதுக்கு ஒரு டொக்டர், மூச்சுக்கு ஒரு டொக்டர் என்று ஆளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கண் மட்டும் ஏன் குறைய வேண்டும்?

டொக்டர் சின்னப் பெண். நாடியை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லிக் கண்ணுக்குள் வெளிச்சத்தை விட்டுப் பார்த்தாள். பிறகு கடதாசியை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, உங்கட குடும்பத்தில ஆருக்கும் கண்பார்வை போனதா?"

"என்ட அப்பாவுக்கு."

"எத்தின வயசில?"

"நாப்பத்தஞ்சு இரிக்கும்."

"ரெண்டு கண்ணுமா?"

"ஓம்."

அரை வரியில் அதை எழுதிக்கொண்டாள். அப்பாவுக்கு என்னென்ன செய்தது என்று கேட்டாள். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்ததையும், பக்கங்கள் மறைந்துகொண்டே வந்து கடைசியில் நேரே இருந்ததும் போனதையும் சொன்னேன். கண்ணுக்குள் அமுக்கம் கூடி நரம்பு செத்திருக்கும் என்று விளங்கப்படுத்தினாள். "இப்ப எண்டா சொட்டு மருந்து விட்டே மறிச்சிருக்கலாம், அம்மா" என்றாள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள், பாவம். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அழுதுகொண்டு வந்தேன். ஆட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "துடையாதீங்க அம்மா, விட்ட மருந்து வெளிய போயிரும்" என்றான். மருந்துதான் வழிகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

கண்ணில் விட்ட மருந்து கொஞ்ச நேரத்தில் தொண்டைக்கு இறங்கும், தெரியுமா உங்களுக்கு? நாக்கின் அடியில் ஒரு கசப்பு. அந்தக் கசப்பு எனக்குப் பழக்கமானது. சின்ன வயதில் அப்பாவின் பேனை முனையை நக்கிப் பார்த்திருக்கிறேன். மைத்தூளைத் தண்ணீரில் கரைத்து அவரே மை செய்வார். இரும்பும் கடுக்காயும் கலந்தது போன்ற ஒரு கசப்பு. "எழுத்து உள்ளுக்குப் போகட்டும் எண்டு பாக்கிறாள் போல" என்று அப்பா சிரித்தது நினைவிருக்கிறது. எழுத்து உள்ளே போகவில்லை. வயிற்றுப்போக்குத்தான் வந்தது.

அப்பா பெத்திசம் எழுதுபவர். அரசாங்கத்துக்கு எழுதுகிற முறைப்பாட்டு மனுவை எங்கள் பக்கத்தில் பெத்திசம் என்போம். எங்கள் வீடு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். பாலத்தைக் கடந்து புளியந்தீவுக்கு நடந்து போவார். வெள்ளைக்காரத் துரை இருக்கிற அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்கு வெளியே ஒரு மரத்தின் கீழ் அவருடைய மேசை, கதிரை, வருபவர்கள் இருக்க ஒரு வாங்கு. இங்கிலிசு எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? உன்னிச்சைப் பக்கம் யானை வந்து வேளாண்மையை மிதித்துவிட்டது, வயல் வட்டைக்குத் தண்ணீர் திறந்துவிடவில்லை, எல்லைக் கல்லைப் பிடுங்கி நகர்த்தி நட்டுவிட்டார்கள் என்று ஊர் ஊராக ஆட்கள் வந்து அந்த வாங்கில் குந்துவார்கள். அப்பா கேட்பார். பிறகு எழுதுவார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும், அன்று கேட்ட கதையொன்றை எங்கள் இருவருக்கும் சொல்வார். எங்கள் இருவருக்கும் என்றால் எனக்கும் பூரணமக்காவுக்கும். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அப்பா கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "நொந்த மனிசன் ஒரு மணித்தியாலம் சொல்லுவான். துரைக்கு மூண்டு வரிக்கு மேல வாசிக்கப் பொறுமை இல்ல. மூண்டு வரியில சொல்லுங்க பாப்பம்" என்பார்.

இதுதான் எங்கள் வீட்டு விளையாட்டு. மற்ற வீடுகளில் பிள்ளைகள் சோகியும் பல்லாங்குழியும் விளையாடினார்கள். நாங்கள் அடுத்தவர் துயரத்தை மூன்று வரியில் அடக்கிப் பார்த்தோம். எனக்கு அது வரவே வராது. மூன்று வரி என்று தொடங்கிப் பதினொன்றில் போய் நிற்பேன். இப்போதும் பாருங்கள், ஒரு கண் மருந்தைச் சொல்ல வந்தவள் எங்கே வந்து நிற்கிறேன்.

அக்காவுக்குப் பத்து வயதிருக்கும். செட்டிபாளையத்துக்காரர் ஒருவருடைய தோணியை ஏதோ குற்றம் சொல்லி உத்தியோகத்தர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அப்பா கதையைச் சொன்னார். அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள்:

"தோணி ஒண்டு. அதில உழைக்கிறது ரெண்டு பேர், அத நம்பிச் சாப்பிடுறது ஒம்பது பேர். தோணியப் பிடிச்சு வச்சிரிக்கிறவங்க ஒம்பது பேரப் பிடிச்சு வச்சிரிக்காங்க."

அப்பா சாப்பிடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அதை அப்படியே இங்கிலிசில் எழுதிக் கொடுத்தாராம். சில நாட்களில் தோணி திரும்பக் கிடைத்துவிட்டது. அந்த மனிதர் பெரிய கொடுவா மீன் ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கி அம்மாவிடம் கொடுத்து, "இது பூரணம் பிடிச்ச மீன்" என்றார். நடுத்துண்டு அக்காவின் சோற்றுக் கோப்பையில் விழுந்தது. எனக்கு வால். நான் அன்று முழுக்க மூஞ்சியை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் எங்களை மேய்க்க அவவுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுப்படியிலிருந்தே சத்தம் வரும். "என்னகா, நீ படிக்கல்ல. உன்ட கால் ஆடுது." படிக்கிற பிள்ளைக்குக் கால் ஆடாது என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. உண்மையும் அதுதான். அக்கா படிக்கும்போது கல்லில் செதுக்கியது போல இருப்பாள். அந்த நேரத்தில் அம்மா அவளை ஒரு வேலைக்கும் கூப்பிடமாட்டா. கிணற்றிலிருந்து தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு, கால் சத்தம் கேட்காமல் அவளைச் சுற்றிப் போவா.

எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவள் அக்காதான். வாவிக்கரை ஈரமணலில் ஈர்க்கில் குச்சியால் எழுதுவாள். நான் அதன் மேல் விரலை ஓட்ட வேண்டும். ஒரு பின்னேரம் அப்பா பாலத்தால் வந்துகொண்டிருந்தவர், இறங்கிக் கரைக்கு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. நான் 'ஆ' வின் சுழியைப் பிழையாக எழுதினேன். அக்கா கோபிக்கவில்லை. அதை அழித்துவிட்டு என் கையைப் பிடித்து, "இஞ்சால வந்து, இப்பிடிச் சுத்தி, நில்லு" என்றாள். பின்னாலிருந்து அப்பா, "சரி டீச்சர், பிள்ளையச் சாப்பிட விடுவீங்களா?" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். "டீச்சர், தண்ணி தா." "டீச்சர் எழும்பிட்டாவா?" அக்கா வெட்கப்படுவாள், ஆனால் உள்ளுக்குள் அதைப் பிடித்துக்கொண்டாள். பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரையும் அப்பா சேர்த்திருந்தார். பெண்பிள்ளைக்கு இங்கிலிசுப் படிப்பு எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்கள் பலர். "என்ட புள்ளையள் ஆரிட்டயும் போய்ப் பெத்திசம் எழுதித் தாங்க எண்டு நிக்கக் கூடா" என்பார். பயிற்சிக் கல்லூரிக்குப் போய் ஆசிரியையாக வரவேண்டும் என்ற ஆசையை அக்கா வெளியில் எங்கும் பொறுக்கி எடுக்கவில்லை. எங்கள் வீட்டில்தான், அந்தச் சாப்பாட்டுப் பாயில்தான், அப்பாதான் அதை ஊட்டினார்.

அவருடைய கண் கெடத் தொடங்கியபோது முதலில் கண்டுபிடித்தவளும் அக்காதான். அவர் எழுதிய பிரதியொன்றில் ஒரு வரியின் மேலேயே அடுத்த வரி ஓடியிருந்தது. பிறகு மைப்போத்தலுக்குப் பக்கத்தில் பேனையைத் தோய்த்தார். பாலத்தில் எதிரே வந்த வண்டிக்காரர் கத்தியும் விலகாமல் நின்றார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாரி காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மழை வந்தபோது எங்கள் முகம் அவருக்கு நிழலாகத் தெரிந்தது. மழை விட்டபோது நிழலும் இல்லை.

கச்சேரி மரத்தடியிலிருந்து மேசையையும் வாங்கையும் மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, முற்றத்துப் பூவரசின் கீழ் போட்டார்கள். அக்காவுக்கு அப்போது பதினைந்து. "கொஞ்ச நாளைக்கு அப்பாவுக்கு எழுதிக் குடு மக. பிறகு பள்ளிக்குப் போகலாம்" என்று அம்மா சொன்னா. அம்மா பொய் சொல்லவில்லை. கொஞ்ச நாள் என்றுதான் அவவும் நினைத்தா.

முதல் கிழமை ஏறாவூரிலிருந்து மீராலெவ்வைக் காக்கா வந்தார், முஸ்லிம் பெரியவர். காணிப் பிணக்கொன்றுக்காக அப்பாவிடம் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தவர். மேசைக்கு முன்னால் பாவாடை தாவணியோடு ஒரு பிள்ளை பேனையோடு இருப்பதைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"பொம்புளப் புள்ள எழுதினா தொர எடுப்பாரா, ஐயா?"

"தொர எழுத்தத்தான் பாப்பார், காக்கா. கையப் பாக்கமாட்டார்" என்றார் அப்பா.

எடுத்தார்கள். காக்காவின் காணிக்கு அளவைகாரர் வந்தார். அதற்குப் பிறகு அவர் அப்பாவிடம் சலாம் சொல்லிவிட்டு நேரே அக்காவுக்கு முன்னால் உட்காருவார். "மகள் எழுதினாத்தான் என்ட நெஞ்சில உள்ளது அப்பிடியே வருது" என்பார்.

காலையில் பெத்திசங்கள். மத்தியானத்துக்குப் பிறகு அக்கா அப்பாவுக்கு வாசிப்பாள். பத்திரிகை, பாதிரியார் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய புத்தகங்கள், என் பாடப் புத்தகங்கள், எதுவென்றாலும். அப்பா கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். இடையில் மறித்து, "அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்பார். அவருக்குத் தெரியாமல் அல்ல, அவளுக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்கு. என் பாடங்கள் எல்லாம் இப்படி அவர்கள் இருவரும் படித்து முடித்த பிறகுதான் எனக்கு வந்து சேர்ந்தன. சோதனை எழுதியவள் நான். படித்தவள் அவள்.

நான்கு வருடம் போனது. அக்காவின் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, வெள்ளைக்காரப் பெண்மணி, அவளை மறக்கவில்லை. ஒருநாள் அப்பாவின் பெயருக்கு ஒரு கடிதமும், பயிற்சிக் கல்லூரி விண்ணப்பப் படிவமும் வந்தன. அக்கா வெளியிலே படித்துத் தகுதிச் சோதனையை எழுதலாம், தானே ஒழுங்கு செய்வேன் என்று அந்த அம்மா எழுதியிருந்தா. அப்பாவுக்கு வந்த கடிதம் என்றால் வாசிக்க வேண்டியது அக்கா. தன்னைப் பற்றிய கடிதத்தைத் தானே உரத்து வாசித்தாள், நெல் விலை வாசிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

அப்பா கையை உயர்த்தினார்.

"ஒரு வரிய விட்டுட்டாய்."

அக்கா கடதாசியைக் கீழே இறக்கினாள்.

"மூச்சு மாறினது கேட்டிச்சு. என்ன வரி அது? வாசி."

வாசித்தாள். இப்படியொரு மாணவி இனி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவாளோ தெரியாது என்ற வரி அது.

"அத ஏன் விட்டாய்?" என்றார் அப்பா. அவர் முகம் விரிந்திருந்தது. அன்று அப்பா மிகவும் சந்தோசமாக இருந்தார். அதையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவரைப் பற்றி நீங்கள் பிழையாக நினைத்துவிடுவீர்கள்.

அக்கா ஒரு கிழமை எடுத்துப் படிவத்தை நிரப்பினாள். ஏன் ஆசிரியையாக விரும்புகிறீர் என்று அதில் ஒரு கேள்வி. கீழே வெற்றிடம் தாராளமாக இருந்தது. அவள் மூன்று வரிதான் எழுதினாள். இங்கிலிசில் எழுதியதை இங்கே தமிழில் சொல்கிறேன், என் தமிழ் அவளுடைய இங்கிலிசுக்கு ஈடாகாது.

"எழுதத் தெரியாதவர்களின் துயரத்தை நான்கு வருடங்களாக எழுதி வருகிறேன். அவர்களுடைய பிள்ளைகள் தாங்களே எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். அதைக் கற்பிக்க நான் முதலில் கற்க வேண்டும்."

கீழே தகப்பனின் கையொப்பம் வேண்டும். அப்பா தினமும் பத்துக் கடதாசியில் பாராமலே கையொப்பம் வைப்பவர். அக்கா காட்டுகிற இடத்தில் வைப்பார். அந்தப் பத்தோடு பதினோராவதாக இதையும் வைத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. நான் அப்படித்தான் செய்திருப்பேன், மறைக்காமல் சொல்கிறேன். அக்கா அப்படிச் செய்யவில்லை. ஒரு பின்னேரம், அம்மாவும் நானும் இருக்கும்போது, படிவத்தின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

அப்பா அந்த மூன்று வரியையும் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். "முதல் வரிக்குப் பிறகு நல்லா நிப்பாட்டியிரிக்காய்" என்றார். பூவரசம்பூ ஒன்று மேசையில் விழுந்தது. அவர் அதைத் தடவி எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அடுப்படி வாசலில் நின்ற அம்மா சொன்னா: "வீடு பூரணத்துக்குத்தானே. வீடிரிக்கிற புள்ளைக்கு உத்தியோகம் எதுக்கு? சின்னவளுக்குத்தான் கையில ஒண்டும் இல்ல. அவள் படிக்கட்டும்."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடு பெண்பிள்ளைக்குப் போகும். கல்யாணம் முடித்து வருகிற மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். எங்களிடம் இருந்தது ஒரேயொரு வீடு. மூத்தவளுக்கு வீடு, இளையவளுக்குப் படிப்பு என்று அம்மா மனத்துக்குள் எப்போதோ பங்கு பிரித்துவிட்டா. அம்மாவின் கணக்கில் அது நியாயம்தான். அக்காவுக்குத்தான் பெரிய பங்கு.

அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"சின்னவள், அக்கா போனா நீ எனக்கு வாசிப்பியா?"

எனக்கு அப்போது பதினான்கு. அந்த வருடம் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். நானும் அதே வீட்டில், அதே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவள்தானே. அக்காவுக்குள் ஊறியது எனக்குள்ளும் ஊறியிருந்தது. ஓம் என்றால் என்ன நடக்கும் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. இந்தப் பூவரசின் கீழ், இந்த மேசைக்கு முன்னால், நான்.

"எனக்குப் பள்ளிக்கூடம் இரிக்கு, அப்பா" என்றேன்.

பொய்யில்லை பாருங்கள். உண்மைதான் சொன்னேன். அப்பா தலையாட்டினார். "ஓம், அதுவும் சரிதான்" என்றார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. படிவத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். "நாளைக்குப் பாப்பம்" என்று அப்பா சொன்னார். நாளையும் வந்தது, மறுநாளும் வந்தது. ஆட்கள் வந்து வாங்கில் இருந்தார்கள். அனுப்ப வேண்டிய கடைசி நாள் எதுவென்று எங்கள் நால்வருக்கும் தெரியும். அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மா மட்டும் பால் பாயசம் வைத்தா, ஏனென்று சொல்லாமல்.

அந்த நாளோடு அப்பா அவளை டீச்சர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். பூரணம் என்றுதான் கூப்பிட்டார்.

எப்படியோ கேள்விப்பட்டு மீராலெவ்வைக் காக்கா ஒருநாள் அப்பாவிடம் பேசினார். நான் வேலியோரம் உடுப்பு உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"புள்ளய அனுப்புங்க, ஐயா. பெத்திசம் எழுத நாங்க வேற ஆளத் தேடிக்கிறம்."

"பெத்திசத்துக்கு இல்ல, காக்கா" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு" என்றார்.

காக்கா எழும்பினார். வாங்கில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

அப்பாவை நான் வெறுத்த காலமும் உண்டு. என்னை வெறுப்பதைவிட அது சுகமாக இருந்தது. இப்போது யோசித்தால், வாசிப்பில் அப்படி ஆசை வைத்திராத மனிதராக இருந்திருந்தால், அவர் கண் போனதும் ஒரு மூலையில் இருந்து வெற்றிலை போட்டுக் காலத்தைக் கழித்திருப்பார். அக்காவும் போயிருப்பாள். ஆனால் அப்படிப்பட்ட தகப்பனுக்கு அப்படிப்பட்ட மகள் எங்கிருந்து வந்திருப்பாள்?

ஐந்து வருடம் கழித்து எனக்கு அதே படிவம் வந்தது. அதே கல்லூரி, அதே கேள்வி, அதே வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நான் முழுக்க நிரப்பினேன். அப்பா கையொப்பம் வைக்க வேண்டும். அக்கா அவருக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, அவர் சுட்டுவிரலை எடுத்துக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தாள்.

"இஞ்ச, அப்பா."

"என்ன கடதாசி இது?"

"தங்கச்சிட விண்ணப்பம். பயிற்சிக் கல்லூரிக்கு."

பேனை கடதாசியில் படாமல் நின்றது. அப்பாவின் உதடு அசைந்தது. "பூரணம்..." என்றார்.

"வையுங்க அப்பா. இந்த இடந்தான்" என்றாள் அக்கா.

வைத்தார். கையை எடுக்காமலே இருந்தார். "மை கலைஞ்சிரும், கைய எடுங்க" என்று சொல்லி அக்காதான் மெதுவாக எடுத்துவிட்டாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். இருக்கவில்லை. நான் புறப்பட்ட அன்று என் பெட்டியை அடுக்கித் தந்தவளும் அவள்தான்.

அக்காவுக்கு இரண்டு இடத்தில் கல்யாணம் பேசினார்கள். ஆம்பிளையளுக்கு முன்னால் இருந்து பெத்திசம் எழுதுகிற பெண் என்று இரண்டும் கைவிட்டுப் போயின. மூன்றாவது வரவில்லை. வீடு அவளுக்கு இருந்தது. வந்து இருக்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற காலத்தில் அப்பா காலமானார். நான் அப்போது மலைநாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் எல்லாம் முடிந்து, வந்த சொந்தங்கள் போன பிறகு, அக்காவிடம் சொன்னேன்.

"இனி நீ போகலாம்தானே, அக்கா. நான் அம்மாவப் பாத்துக்கொள்ளுறன்."

அவள் சிரித்தாள். "எனக்கு எத்தின வயசு எண்டு நினைச்சாய்? எடுக்கிற வயசெல்லாம் தாண்டிற்று, புள்ள."

எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னேனோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அந்த விடுமுறையில் இன்னொன்றையும் கவனித்தேன். வீட்டில் பத்திரிகைகள் மடிப்புக் கலையாமல் குவிந்து கிடந்தன. இரவல் புத்தகம் ஒன்று அப்பா இறந்த அன்று விட்ட பக்கத்தோடு இருந்தது. அக்கா ஒன்றையும் தொடவில்லை. துக்கம் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏன் அக்கா, இப்ப வாசிக்கிறல்லியா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எடுத்துப் பாத்தன். எனக்கு மனசுக்குள்ள வாசிக்க வருதில்ல" என்றாள். "பதினைஞ்சு வயசில இருந்து ஒராளுக்கு வாசிச்சுத்தானே பழக்கம். சும்மா எனக்கு எண்டு வாசிச்சா எழுத்து நிக்குது, கருத்து ஓடிப் போகுது."

"அப்ப எனக்கு வாசி" என்றேன்.

"உனக்கா?" என்று என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, சின்ன வயதில் பார்த்த வெளிச்சம். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய் அந்த இரவல் புத்தகத்தை எடுத்து வந்தாள். நான் பாயில் சாய்ந்துகொண்டேன். மத்தியானம் கழிந்த நேரம். கடற்காற்று வந்துகொண்டிருந்தது. அக்கா விட்ட பக்கத்திலிருந்து தொடங்கினாள். அவள் வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வரும், ஆனால் கோவை அறாது. நான் கேட்டேன். ஒரு பக்கம் கேட்டேன், இரண்டாவது பக்கமும் கேட்டேன்.

பிறகு நித்திரையாகிவிட்டேன்.

முப்பத்தொரு நாள் அலைச்சல், இரயில் பயணம், அழுகை எல்லாவற்றையும் சொல்லித் தப்பிக்கலாம். நித்திரையாகிவிட்டேன், அவ்வளவுதான். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அக்கா அடுப்படியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். புத்தகம் கட்டிப் பெட்டிக்கு மேல் இருந்தது, பாதிரியார் வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு.

"அக்கா, நான்..."

"களைச்சுப் போய் வந்தனீதானே. படுத்தது நல்லம்" என்றாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். தேத்தண்ணியில் எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி சீனி போட்டாள்.

அதற்குப் பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் அக்கா இருந்தாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் வந்தேன். எனக்கு வாசித்துக் காட்டு என்று இன்னொரு தடவை கேட்க வாய் வரவில்லை. அவளாகவும் எடுக்கவில்லை. பெத்திசம் எழுதுவதையும் விட்டுவிட்டாள். கோழி வளர்த்தாள், தென்னைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள், அம்மாவை அவவுடைய கடைசி நாள் வரை பார்த்தாள். நான் அனுப்பும் கடிதங்களை, வேலி தாண்டி வருகிற பள்ளிக்கூடப் பிள்ளை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பாளாம். அவள் போன பிறகு பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அக்காவுக்கு எழுத்துத் தெரியாதெண்டுதான் நாங்க நினைச்சிருந்தம்" என்றாள் அந்தப் பெண்.

அப்பாவும் அம்மாவும் அவளும் போன பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தின மார்கழியில் கடல் வந்து அதையும், பூவரசையும், அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்தவர்கள் பலரையும் கொண்டுபோனது. அக்கா எழுதிய பெத்திசங்கள் கச்சேரிக் கோப்புகளில் எங்காவது இருக்குமா என்று ஒருமுறை போய் விசாரித்தேன். அந்தக் காலத்துக் கடதாசி ஒன்றும் இப்போது இல்லை என்றார் அங்கிருந்தவர், மரியாதையாகத்தான். யாருடைய எழுத்தைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்த்தேனோ.

அந்தப் புத்தகத்தில் அன்று அக்கா வாசித்த இரண்டு பக்கமும் எனக்கு இன்றைக்கும் தெரியும். ஒரு ஆறு, அதைக் கடக்கக் காத்திருக்கும் ஒரு குடும்பம். சொல் சொல்லாகச் சொல்வேன். அவளுடைய குரல்தான் எனக்கு வரமாட்டேன் என்கிறது. மெல்லியதா, கனத்ததா, எந்த இடத்தில் மூச்சு விடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டு எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டேன். சொற்கள் வருகின்றன, என்னுடைய குரலில்.